ஆண்ட்ரூ பெல்

ஆண்ட்ரூ பெல் (மார்ச் 27, 1753 – ஜனவரி 27, 1832) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கல்வியாளரும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவும் ஆவார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் முறையை இவர் சென்னை எழும்பூரில் இருந்த சிறுவர் இல்லம் ஒன்றில் நடைமுறைப்படுத்தினார். பின்னர் அதனை இங்கிலாந்தில் பரப்பினார். இம்முறை ஐரோப்பாவில் சென்னை முறை அல்லது மதராஸ் முறை எனப் பெயர் பெற்றது. தமிழில் இது சட்டாம்பிள்ளை முறை எனவும் அழைக்கப்படும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதைக் கண்டதே இம்முயற்சிக்குத் தொடக்கமாக அமைந்தது. பெல் நடத்திய இல்லம் பிற்காலத்தில் நீலகிரி மாவட்டம் லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியுடன் இணைக்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் முடி திருத்தும் தொழில் செய்தவர். இயந்திரங்களிலும் அறிவியலிலும் ஆர்வம் உடையவர். பெல் 1769 ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார்.

1774 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று தனி ஆசிரியராகப் பணியாற்றினார். அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான கார்ட்டர் பிராக்ஸ்டனின் புதல்வர்கள் இவரிடம் பயின்றனர். 1781 இல் தாயகம் திரும்பும்போது இவர் சென்ற கப்பல் நோவா ஸ்கோசியா கரையருகே உடைந்தது. உயிர் தப்பிய பெல் ஸ்காட்லாந்தை அடைந்து, சில ஆண்டுகளில் குருப்பட்டம் பெற்றார்.

சென்னை வருகை

பெல் 1787 பெப்ரவரியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தாவுக்குச் செல்வதே இவருடைய நோக்கம். ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகளுக்குக் குருவாக நியமிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் இத்தகைய எட்டுப் பதவிகளை ஒருங்கே வகித்தார். இவற்றால் கிடைத்த ஊதியமே இவரைச் செல்வந்தராக்கியது. கருவிகளைக் கொண்டு அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டும் சொற்பொழிவுகளையும் சென்னையில் நிகழ்த்தினார்.

எழும்பூர் சிறுவர் இல்லம்

ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்தியப் பெண்களிடம் பிறந்து, தந்தையை இழந்தோ கைவிடப்பட்டோ வாழ்ந்த சிறுவர்கள் அக்காலச் சென்னையில் பலர் இருந்தனர். இவர்களுக்காக 1789 இல் எழும்பூரில் இருந்த பழைய கோட்டையில் ஆண் சிறுவர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற பெல், அப்பணிக்கு ஊதியம் பெற மறுத்துவிட்டார்.

இல்லத்தில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவியது. குறைந்த ஊதியத்தில் கிடைத்த ஆசிரியர்களிடம் திறமையும் இல்லை. புதிய வழிகளைக் கற்கும் விருப்பமும் இல்லை. எழுத்தைக் கற்கவே சிறுவர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

மணலில் எழுதுதல்

ஒரு நாள் காலை பெல் குதிரையில் சென்றபோது வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். இவர் தம் எழுத்துகளில் அதனை மலபார் பள்ளி என்று குறிப்பிடுகிறார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் மலபார் என்றே அழைத்தனர். ஆகவே இச்சொல் கேரளத்தைக் குறிப்பதன்று.

இல்லத்துக்குத் திரும்பிய பெல், கீழ் வகுப்புச் சிறுவர்களுக்கு மணலில் எழுதக் கற்பிக்குமாறு ஆசிரியர்களைப் பணித்தார். அது நடவாத காரியம் என அவர்கள் ஒதுக்கினர். எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனை அழைத்து, கீழ் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் இயலாது என்றதை அச்சிறுவன் செய்து முடித்தான். இதன் பின்னர் பெல் வகுப்பு வகுப்பாகச் சிறுவர்களையே ஆசிரியர்களாக நியமித்தார். சில ஆண்டுகளில் இல்லத்தின் கற்பித்தல் பணி பெரும்பாலும் மாணவர்களின் கைக்கே சென்றது.

வில்லியம் ஸ்மித் என்னும் மற்றொரு மாணவரும் குறிப்பிடத்தக்கவர். மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்ட திப்பு சுல்தானின் புதல்வர்கள் 1794 இல் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுடன் சென்ற குழுவில் ஸ்மித்தும் இருந்தார். அவர் திப்புவின் முன்னிலையில் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டினார்.

கற்பிக்கும் முறை

பெல்லின் முறையில் வகுப்பு இரண்டிரண்டு பேராகப் பிரிக்கப்பட்டது. நன்கு அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். வகுப்புக்கு ஒரு மாணவ ஆசிரியனும் அவனுக்கு ஒரு துணைவனும் இருப்பர். இம்முறையின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

1. பாடங்கள் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றைப் பிழையின்றி அறிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.
2. எழுத்துகளையும் இலக்கங்களையும் முதலில் மணலில் எழுதிப் பழகினர். தாள், மை, இறகு ஆகியவற்றுக்கான செலவு இதனால் மிஞ்சியது.
3. பிழையின்றிச் சொல்பவன் வகுப்பில் முன்னிடத்துக்கு ஏறுவான். தவறுபவன் பின்னிடத்துக்கு இறங்குவான்.
4. ஒவ்வொரு நாளும் கற்ற பாடங்கள் பதிவேட்டில் குறிக்கப்பட்டன.
5. குற்றங்களும் பதியப்பட்டன. அவற்றை மாணவர் குழுவே விசாரித்தது. அடிப்பது கூடியவரை தவிர்க்கப்பட்டது.

கணக்குப் பாடத்துக்கு மணல் மிகவும் பொருந்தி வந்தது. தவறான எண்ணை அருகிலிருப்பவன் உடனே காண்பான். உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் பிழை மறையும். திரும்பத் திரும்ப எழுதுவதற்குச் செலவு ஏதும் இல்லை. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறுவன் தானும் பாடத்தில் உறுதி பெறுவதை இம்முறையின் தலையாய பயனாகப் பெல் கருதினார்.

திண்ணைப் பள்ளிகளில் கணக்கு

பெல் கண்ட திண்ணைப் பள்ளிகளில் மணல் என்பது முதற்படி மட்டுமே. மணலில் எழுதித் தேர்ந்த மாணவன் பின்னர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதுவான். இவற்றுடன் மனப்பாடமும் இணைந்து நடந்தது. சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்வர். இதனை முறை வைத்தல் என்பர்.

கணக்குக்கான பாடநூல் எண்சுவடி ஆகும். இதில் முழு எண்களுடன் பின்ன எண்களும் வாய்பாடுகளாக அமைந்திருந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிலத்தின் பரப்பைக் காணக் குழிமாத்து என்னும் வாய்பாடு பயன்பட்டது. களத்தில் நெல் அளக்கும் இடத்திலும், கடையிலும், நிலவரி கணக்கிடும் இடத்திலும் ஏடு பாராமல் மனத்தாலேயே விடை காணும் ஆற்றலை உண்டாக்குவதே இப்பயிற்சியின் நோக்கம்.

இம்முறை பெல்லின் காலத்துக்கு மிக முற்பட்டது. 1623 இல் கர்நாடகத்தில் பயணம் செய்த இத்தாலியரான பியேத்ரோ தெல்லா வாலே, கோயில் முகப்பு ஒன்றில் சிறுவர்கள் சிலர் ஆசிரியர் இல்லாமலே ஒன்றுகூடிக் கணக்குப் பயில்வதைக் கண்டு பதிவு செய்துள்ளார். அவர்கள் பாடத்தை இராகத்துடன் பாடியவாறே மணல் தூவிய தரையில் விரலால் எழுதினர்.

திண்ணைப் பள்ளிகளைக் குறையற்றவை எனக் கொள்ள இயலாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிக அரிதாகவே பயின்றனர். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் வழக்கில் இருந்தன.

நில அளவையும் நீலகிரியும்

எழும்பூர் இல்லத்துச் சிறுவர்கள் கற்ற கணக்கு விரைவிலேயே அரசுக்குப் பயன்பட்டது. 1794 இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் மாணவர்கள் எண்மர். ஆண் சிறுவர் இல்லத்திலிருந்தே பயிற்சிக்குச் சிறுவர்கள் எடுக்கப்பட்டனர். இப்பள்ளியே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் ஆகும்.

இங்குப் பயின்றவர்கள் மாவட்டந்தோறும் உதவி வருவாய் அளவையாளர்களாகச் சென்று நிலங்களை அளந்தனர். நீலகிரியை முதன்முதலில் ஆய்ந்து விரிவான குறிப்பு எழுதியவரும் ஓர் உதவி வருவாய் அளவையாளரே. வில்லியம் கீஸ் என்னும் அவர், மக்மகன் என்பவருடன் 1812 இல் கோயம்புத்தூரிலிருந்து மலையேறினார். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு 1819 இல் வந்ததும், உதகமண்டலம் உருவானதும் இதற்குப் பிற்பட்ட நிகழ்வுகள் ஆகும்.

இங்கிலாந்தில்

உடல் நலக் குறைவால் பெல் 1796 ஆகஸ்ட்டில் சென்னையை விட்டு நீங்கினார். அப்பொழுது இவரிடம் சுமார் 25,000 பவுண்டு செல்வம் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு எழும்பூர் அனுபவங்களைச் சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். 1798 இல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் உள்ள ஒரு பள்ளி இம்முறையை ஏற்றது.

1800 இல் ஆக்னஸ் பார்க்லே என்பவரைப் பெல் மணந்தார். இம்மணவாழ்க்கை நிலைக்கவில்லை, 1806 இல் இருவரும் பிரிந்தனர். 1801 முதல் 1809 வரை டார்செட் மாவட்டத்தின் சுவானேஜ் ஊரில் பங்குக் குருவாக இருந்தார். அங்கே தம் முறையில் பள்ளிகளை நடத்தியதுடன், பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்துதலையும் பரப்பினார்.

இதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் லண்டனில் இதனை ஒத்த பள்ளியை நடத்தி வந்தார். 1803 இல் வெளியிட்ட நூலில் அவர் பெல்லுக்கு நன்றி தெரிவித்திருந்தார். 1804 இல் சுவானேஜ் சென்று பெல்லைச் சந்தித்தார். மணலில் எழுதும் வழக்கத்தைத் தம் பள்ளியிலும் மேற்கொண்டார். ஆனால் லங்காஸ்டர் குவேக்கர் சமயத்தவர். திருச்சபையைச் சேர்ந்தோர் பெல்லின் பக்கமும், பிறர் லங்காஸ்டரின் பக்கமும் அணி சேர்ந்தனர். இம்முறையை முதலில் கண்டவர் யார் என்னும் வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. கவிஞர்களான சதே, கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் ஆகியோர் பெல்லை ஆதரித்தனர்.

1811 இல் திருச்சபையின் சார்பில் ஏழைகளின் கல்விக்கான தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் பள்ளிகளில் பெல்லின் முறை பின்பற்றப்பட்டது. இவர் இறப்பதற்குள் பிரித்தானியாவில் இம்முறை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியிருந்தது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மதராஸ் பள்ளிகள் என்னும் பெயரிலேயே பள்ளிகள் நிறுவப்பட்டன.

ஏழைகளின் கல்வி பற்றிய கருத்து

பெல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவர். எனினும் அவர்கள் எவ்வளவு கற்க வேண்டும் என்பதில் இவருக்குத் தயக்கம் இருந்தது. ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிப்பது தம் திட்டமன்று எனத் தம் நூலின் பிற்பதிப்பில் எழுதினார். தகுதிக்கு மேல் கற்றால் அவர்கள் தம் உழைப்பில் மனநிறைவு கொள்ள மாட்டார்கள் என்பது அக்கால உயர்குடியினரின் அச்சம். பெல்லும் அதற்கு இடங்கொடுத்தார். சமய நூலை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இது கவனிக்கத்தக்க முரண்பாடு ஆகும். இவர் சென்னையில் கண்ட பள்ளியில் எண்ணும் எழுத்தும் ஒரே மணலில் பயிலப்பட்டன. எழும்பூர் இல்லத்துப் பிள்ளைகளும் கணக்கறிவாலேயே நில அளவைப் பணி பெற்றனர். அம்முறை இங்கிலாந்துக்குச் சென்றபோது மணல் சென்றது, சட்டாம்பிள்ளையும் சென்றார், கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்னும் நிலை உடன் செல்லவில்லை.

இறுதிக் காலம்

1809 இல் டர்ஹாம் அருகே ஷெர்பர்ன் அறநிலையத்தின் தலைவராகப் பெல் பொறுப்பேற்றார். 1816 இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, யோகான் பெஸ்டலோசியின் பள்ளியைப் பார்வையிட்டார். பொருள்களைக் காட்டி எண்ணுணர்வை வளர்ப்பதிலும் மனக்கணக்கிலும் பெயர் பெற்றது அப்பள்ளி. ஆனால் பெல்லை அது கவரவில்லை. தம் முறையே நிலைக்கும் என நம்பினார். வரலாறு வேறு வழியில் சென்றது. மாணவர் பொருளறியாமல் ஒப்பிக்கின்றனர் என்னும் குறைகூறலால் பெல்லின் முறை 1840களில் செல்வாக்கிழந்தது. 1846 இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அரசே நியமிக்கும் முறை வந்தது. பெஸ்டலோசியின் கருத்துகளோ தொடக்கக் கல்வியில் நிலைபெற்றன.

பெல் சிக்கனமானவர், பிறருடன் எளிதில் ஒத்துப்போகாதவர். 1831 இல் தம் செல்வத்திலிருந்து 1,20,000 பவுண்டைக் கல்விக்காக ஒதுக்கினார். அதில் பாதி செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்கும், எஞ்சியது எடின்பரோ, கிளாஸ்கோ, லீத், அபெர்டீன், இன்வெர்னஸ் ஆகிய ஊர்களுக்கும் லண்டன் கடற்படைப் பள்ளிக்கும் வழங்கப்பட்டது. 1832 ஜனவரி 27 அன்று செல்டன்ஹாம் நகரில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இவருடைய கொடையால் 1833 இல் திறக்கப்பட்ட மதராஸ் கல்லூரி இன்றும் மேனிலைப் பள்ளியாக இயங்கி வருகிறது. எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் 1876 இல் இவர் பெயரால் கல்வியியல் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன.

எழும்பூரிலிருந்து லவ்டேலுக்கு

படைவீரர்களின் பிள்ளைகளைச் சமவெளியின் வெப்பத்திலிருந்தும் நோய்களிலிருந்தும் காக்க மலைப் பகுதிகளில் இல்லங்கள் அமைக்க வேண்டும் என ஹென்றி லாரன்ஸ் விரும்பினார். இவர் வழியில் முதல் இல்லம் 1847 இல் சனாவரில் தொடங்கப்பட்டது. லாரன்ஸ் 1857 இல் இறந்தார். அவர் நினைவாக 1858 இல் உதகமண்டலத்தில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. பிற்பாடு அது உதகைக்கு அருகிலுள்ள லவ்டேலுக்கு மாறியது. அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பூர் ஆண் சிறுவர் இல்லம் இதனுடன் இணைக்கப்பட்டது. ஜான் பிரிஸ்கன் மணலில் பாடம் சொல்லிய நிறுவனம் இவ்வாறு நீலகிரியை அடைந்தது. 1949 இல் இப்பள்ளி பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கல்வி அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தது. இன்று இருபாலரும் பயிலும் உறைவிடப் பள்ளியாக விளங்குகிறது. நீலகிரி மலை இரயிலில் கேத்தி நிலையத்துக்கும் உதகைக்கும் இடையே லவ்டேல் நிலையம் உள்ளது.

யாருடைய முறை

மணலில் எழுதுவதைத் தமிழ்ப் பள்ளியில் கண்டு மேற்கொண்டதாகப் பெல்லே ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் மாணவனை ஆசிரியனாக்கும் வழியைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். பெல்லாரி ஆட்சியராக இருந்த காம்பெல், 1823 இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிப்பது உள்நாட்டு வழக்கம் என்றும் அது இங்கிலாந்தில் பின்பற்றப்படுகிறது என்றும் சுட்டிக்காட்டினார். காந்தியச் சிந்தனையாளரான தரம்பால் 1983 இல் வெளியிட்ட நூலால் இவ்வறிக்கைகள் பரவலாக அறியப்பட்டன.

ஆளுநர் தாமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின்படி, 1820களில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆங்கிலேயர் வகுத்த கல்விமுறை வேரூன்றிய பின்னர் திண்ணைப் பள்ளிகள் படிப்படியாக மறைந்தன. பெல்லின் பெயரால் கல்லூரியும் பேராசிரியர் பதவியும் அமைந்தன. அன்று அவர் கண்ட பள்ளியின் ஆசிரியர் யார், சட்டாம்பிள்ளை யார் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை.

மணிச்சட்டத்துடன் ஒப்பீடு

20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணிச்சட்டப் பயிற்சி மலேசியா வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. இதில் பயன்படும் சொரோபான் என்னும் ஜப்பானிய மணிச்சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணியும் கீழே நான்கு மணிகளும் உள்ளன. பிள்ளைகள் முதலில் விரலால் மணிகளை நகர்த்திக் கணக்கிடுவர். பின்னர் சட்டத்தை மனத்தில் கற்பனை செய்து, விரலை மட்டும் அசைப்பர். இறுதியில் அதுவுமின்றி விடை கூறுவர். ஜப்பானில் இது அன்சான் எனப்படுகிறது.

திண்ணைப் பள்ளியின் வழியும் ஏறத்தாழ இத்தகையதே. அங்கே மணலும் விரலும் குரலும் முதலில் வந்தன. பின் அவை விலக, மனக்கணக்கு எஞ்சியது. ஆங்கிலத்தில் மணிச்சட்டத்தைக் குறிக்கும் அபாகஸ் என்னும் சொல், தூசி எனப் பொருள்படும் பழைய செமித்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்றும், தொடக்கத்தில் அது மணல் தூவிய பலகையைக் குறித்தது என்றும் அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

திண்ணைப் பள்ளி
எண்சுவடி
மணிச்சட்டம்
லாரன்ஸ் பள்ளி, லவ்டேல்
கிண்டி பொறியியல் கல்லூரி